பஸ் பாஸ் பிள்ளைக்கா, பள்ளிக்கூடத்துக்கா?

சாரல் பிடித்திருந்த ஒரு ஜூன் மாதக் காலை. குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரே மெட்ரிக் பள்ளிச் சீருடையில் அக்காவும் தம்பியும். கண்டக்டர் அக்காவுக்கு இலவச டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், தம்பியிடம் காசு வாங்கினார். அவர் மேல தப்பில்லை, விதி அப்படி. அன்று ராத்திரி அந்த விதிகளைத் தேடிப் படித்தேன்.

தமிழ்நாட்டில் இலவச பஸ் பாஸ், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு. சுயநிதிப் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணமோ, சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்ணிடம் எங்கே படிக்கிறாய் என்று கேட்பதில்லை. புரோகிராமர் பாஷையில் சொன்னால், முதல் விதி பள்ளியைச் சோதிக்கிறது. இரண்டாவது ஆளைப் பார்க்கிறது.

"தனியார் பள்ளிக்கு ஃபீஸ் கட்டுறவனுக்கு பஸ் காசு கொடுக்க முடியாதா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்தப் பணம் அரசுப் பள்ளிக்குப் போவதே மேல் என்பதுதான் பொதுவாக என் கட்சியும். ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவில், 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேரும் ஏழைப் பிள்ளைகள்? அவர்களுக்கு அந்த வாசலைத் திறந்ததே அரசுதான். கல்விக் கட்டணத்தைப் பள்ளிக்குத் திருப்பித் தருவதும் அரசுதான். வேன் கட்டணம் மட்டும் அப்பா அம்மா தலையில்.

"ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற பள்ளிக்குத்தானே சீட்டு? வேன் எதுக்கு?" என்றார் நண்பர். எனக்கு இடிக்கிற இடமே அதுதான். டவுனில் குடியிருக்கும் பிள்ளைக்கு அந்த வட்டத்துக்குள் நாலு பள்ளி அகப்படும். மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். உரிமை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பஸ்ஸுக்கு வழி செய்யாமல் மேப்பில் வட்டம் போட்டதால், ஒருத்தருக்கு அது காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை 1947-லேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. நியூஜெர்சியில் கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பஸ் காசை உள்ளூர்க் கல்வி வாரியம் பெற்றோருக்குத் திருப்பித் தந்தது. அது செல்லும் என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பானது. எந்தப் பள்ளி என்று பாராமல் பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர உதவுவதாகத்தான் நீதிமன்றம் அதைப் பார்த்தது.

எல்லாத் தனியார் பள்ளிக்கும் பாஸ் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 25 சதவீதப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பக்கத்தில் பள்ளி இல்லாத ஊருக்கு அந்த வட்டத்தைப் பெரிதாக்கலாம். பஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாற்ற வேண்டியது நிபந்தனையில் ஒரு வரி.

உங்க ஊர்ல எப்படி?