மொழிமாற்றுப் படமும் யாழ்ப்பாணச் செவியும்

இந்தியிலிருந்து தமிழுக்கு மொழிமாற்றப்பட்ட திரைப்படங்களைத் திறனாய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அவற்றை மக்கள் விரும்பியமைக்குப் பாமர இரசனையே காரணம் எனக் கூறி அமைவர். இம்முடிபு மீள்நோக்கற்குரியது.

மெகபூப்கானின் ‘ஆன்’ (1952) தமிழில் ஒலித்தபோது நல்ல வரவேற்பைப் பெற்றது. கே. ஆசிபின் ‘மொகலே ஆசம்’ (1960), ‘அக்பர்’ என்னும் பெயருடன் 1961இல் தமிழில் வெளிவந்து தோல்வியுற்றது. இரண்டிற்கும் தமிழ்ப் பாடல்களை எழுதியவர் கம்பதாசனே. ஆயின் வேறுபாடு யாது? முன்னது குதிரைப் பாய்ச்சலாலும் வாட்போராலும், செருக்குடைய அரசகுமாரியை எளியவனொருவன் எதிர்கொள்ளும் கதையாலும் கண்வழியே பொருள் தருவது. பின்னதன் உயிரோ உருதுச் சொல்லாட்சியில் உள்ளது. அங்குப் போர்க்களத்தினும் தந்தைக்கும் மகனுக்குமிடையே நிகழும் சொற்போரே மேலோங்கி நிற்கின்றது. காட்சியைப் பெயர்க்கலாம், உரையின் மிடுக்கைப் பெயர்த்தல் அரிது.

மொழிமாற்றுப் பாடலாசிரியர் எதிர்நோக்கும் இடர் தமிழ்மரபு அறியாததன்று. இதழ் ஒட்டாத எழுத்துகளால் மட்டும் பாடப்படும் நிரோட்டம் சித்திரகவி வகைகளுள் ஒன்று. சிவப்பிரகாசர் ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’யையே இயற்றினார். திரையில் இதழ் மூடுமிடத்துப் பகர மகரங்களையும், வாய் திறக்குமிடத்து நெடிலையும் தேடுபவர் அத்தகைய தளையையே ஏற்கின்றார். புலவர் தாமே விரும்பிப் பூண்ட தளை அது. இதுவோ பிறரொருவரின் வாய் விதித்த தளை. எனவே இத்தொழிலை எளிதென எள்ளுதல் பொருந்தாது.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை வினா இன்னும் ஆழமானது. 1952இல் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ இலங்கை வானொலியிலிருந்தே ஒலித்தது. இந்தித் திரையிசை இந்நாட்டுக்குப் புதியதன்று. ஆனால் குடாநாட்டுப் பேச்சுத்தமிழோ திரைக்கு என்றும் அரிதாகவே இருந்துவந்துள்ளது. 1970களின் பிற்பகுதியில் ‘பொன்மணி’, ‘வாடைக்காற்று’ ஆகியன போன்ற சில முயற்சிகளே தோன்றின. அவற்றுள் யாழ்ப்பாணச் சமூகத்தைச் சித்திரித்த ‘பொன்மணி’யை இயக்கியவரும் சிங்களத் திரைக்கலைஞர் தர்மசேன பத்திராஜா என்பது சிந்தித்தற்குரியது.

ஆகவே, தமிழகத் திரைத்தமிழைத் தன் தமிழாகவே ஏற்றுப் பழகிய யாழ்ப்பாணச் சுவைஞனுக்கு மொழிமாற்றுப் படம் பெரிதும் அந்நியமாய்த் தோன்றாமை வியப்பன்று. அத்தமிழ் பம்பாய் நடிகரின் வாயில் ஒலிப்பினும், சென்னை நடிகரின் வாயில் ஒலிப்பினும், அவன் வீட்டில் வழங்கும் மொழியன்று. ஒருவகையில் அவன் காணும் தமிழ்ப்படம் யாவும் மொழிமாற்றுப் படங்களே.

மொழிமாற்றுப் படத்தை இகழ்தல் எளிது. தன் பேச்சைத் திரையிற் கேளாமலே ஒரு சமூகம் மனநிறைவு கொண்டது எங்ஙனம் என வினாவுதலே திறனாய்வின் கடனாகும்.