‘சங்கதி’யும் நமது பொறுமைப் போதனையும்

புதுச்சேரியின் வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஒதியம்பட்டு போன்ற சிற்றூர்களில் ஊழியம் செய்யச் செல்லும் போதகர், கணவனிடம் அடிபட்ட பெண்ணைச் சந்திக்கும்போது என்ன சொல்லவேண்டும்? இவ்வினாவோடு பாமாவின் ‘சங்கதி’யை (1994) வாசிப்பது நலம் எனக் கருதுகிறோம். பாமா கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். எனினும் இந்நூல் நம் சபைகளையும் விசாரணைக்கு உட்படுத்துகிறது.

‘கருக்கு’ (1992) ஒருவரின் வாழ்க்கை வரலாறு. ‘சங்கதி’யோ ஒரு தலித் கிறிஸ்தவச் சமூகத்துப் பெண்கள் பலரின் வரலாறு. பாட்டி சொல்லப் பேத்தி கேட்டவையும், பேத்தி தானே கண்டவையும் பேச்சுத்தமிழிலேயே அமைந்துள்ளன. செய்யாத குற்றத்துக்காகப் பஞ்சாயத்தில் பழிசுமந்த மரியம்மா, விரும்பாதவனுக்கு மணமுடிக்கப்பட்டு அடிபடுகிறாள். தாயியைக் கணவன் தெருவிலேயே அடிக்கிறான். நிலவுடைமையாளன்முன் தலைகுனியும் ஆடவன், வீட்டில் தன் அதிகாரத்தை நிலைநாட்டுகிறான் என ஆசிரியர் காரணம் காண்கிறார். காரணம் காண்பது வேறு, குற்றத்தினின்று விடுவிப்பது வேறு. இவ்வேறுபாட்டை நூல் மறக்கவில்லை.

நூலின் கூர்மையான பகுதி அடுப்பங்கரையைப் பற்றியது. பிழைப்புக்காக இலங்கை சென்ற கணவன் திரும்பாமற்போகத் தனித்து வாழ்ந்த பாட்டி, உணவைப் பகிரும்போது பேரனுக்கே முதன்மை தருகிறாள். துன்புற்ற பெண்ணின் கையாலேயே ஆணின் மேலாண்மை அடுத்த தலைமுறைக்குப் பரிமாறப்படுகிறது. ஆனால், அதே பாட்டிதான் பேத்திக்கு உண்மைகளையும் சொல்லிவைக்கிறாள். அடிமைத்தனத்தையும் விடுதலையின் விதையையும் ஒருத்தியே கையளிக்கிறாள் என்பதே இந்நூலின் சிறப்பு. சலுகை பெற்ற சிறுவன் அடிக்கும் கணவனாக உருவாகும் வழியைத் தொடர்ந்து காட்டாதது இதன் குறை. ஆடவர் பெரும்பாலும் வளர்ந்தவர்களாகவே நம்முன் வருகின்றனர்.

வேறொரு சமூகத்தைச் சேர்ந்த பேச்சியம்மா கணவனைப் பிரிந்து மறுமணம் புரிகிறாள். கிறிஸ்தவப் பெண்ணுக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. இது கற்பனையன்று. 1869-ஆம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டத்தில், கணவன் இழைக்கும் கொடுமை மட்டும் மனைவிக்குப் போதிய காரணமாக இருக்கவில்லை. 2001-ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை மாற்றியது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எனினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர்.

சட்டம் மாறிய பின்பும் நம் பிரசங்கம் மாறிற்றா? திருமண ஆராதனையில் எபேசியர் 5:22-இல் வாசிப்பைத் தொடங்குகிறோம். ஒருவருக்கொருவர் கீழ்ப்படிதலைக் கற்பிக்கும் 21-ஆம் வசனத்தை விட்டுவிடுகிறோம். அடிபட்டவளிடம் சிலுவையைச் சுமக்கச் சொல்கிறோம். அச்சிலுவையைச் செய்தவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. பாட்டி உணவில் செய்ததை நாம் திருவசனத்தில் செய்கிறோம்.

பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை தொடர்வதை யாத்திராகமம் 20:5 எச்சரிக்கிறது. அதனைத் தலைவிதியாகக் கொள்வோருக்கு எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் மறுமொழி தருகிறது: தகப்பனின் பாவத்தைக் கண்டு அதன்படி செய்யாத மகன் பிழைப்பான். ஆகவே அடிபட்ட பெண்ணுக்குப் போதகர் முதலில் தரவேண்டியது பாதுகாப்பு. அடித்தவனுக்குத் தரவேண்டியது மனந்திரும்புதலுக்கான அழைப்பு. பொறுமையைப் பற்றிய அருளுரை அவ்விரண்டிற்கும் மாற்றாகாது.