பழியைச் சுமக்கும் சொல்

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தினுள்ளேயே மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அஞ்சி ஒடுங்கிவிடாது காவல் துறையிடம் முறையிட்டார். அம்முறையீட்டின்மீது எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கையோ, அவர் இன்னார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களுடன் வெளியே கசிந்தது. பாதிக்கப்பட்டவரையே குறை கூறும் பாங்கில் அதன் வாசகம் அமைந்திருப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் அம்மாத இறுதியிலேயே கண்டித்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறும் ஆணையிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில், 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கொடுமை செய்தவனுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. அறிக்கையின் நடைக்குத் தீர்ப்பு எது? அந்நடை எழுதியவர் தாமே புனைந்துகொண்டதன்று. நாம் நெடுங்காலமாகப் பேசியும் எழுதியும் வந்த தமிழிலிருந்தே அது பிறந்தது. ஆகவே குற்றவாளியை விடுத்து நம் சொற்களைச் சற்றே ஆராய்வோம்.

‘கற்பழிப்பு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பல்லாண்டுகள் செய்தித்தாள்களில் வழங்கிய சொல் இது. இதனுள் அழிந்தது எது என்பது இருக்கிறது, அழித்தவன் இல்லை. இழப்பு முழுதும் பெண்ணின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. கற்பு அழிந்தது என்று ஒப்புக்கொண்ட பின், அதனை அவள் காத்தாளா, அந்நேரத்தில் அங்கே ஏன் சென்றாள் என்ற வினாக்கள் தாமே முளைக்கின்றன.

அரபு மொழியில் இக்குற்றத்துக்கு இன்று வழங்கும் சொல் ‘இக்திஸாப்’. பிறர் உரிமையை வன்முறையால் பறித்தலைக் குறிக்கும் ‘கஸ்பு’ என்பதோடு ஒரே வேரிலிருந்து வந்தது. மார்க்கச் சட்ட நூல்களில் கஸ்பு பற்றித் தனிப் பாடமே உண்டு. அதனை ஓதும் மாணவன் கற்பது யாது? பறித்தவன் மீது பொறுப்பு. பறிகொடுத்தவர் மீது களங்கமில்லை. பெண் ஓர் உடைமையல்லள் என்பது உண்மையே. ஆயினும் பழி எத்திசையில் செல்ல வேண்டும் என்பதை அவ்வேர்ச்சொல் தெளிவாகக் காட்டுகிறது. தமிழில் ‘வன்கொடுமை’, ‘வல்லுறவு’ என்னும் சொற்கள் பரவியிருப்பது இவ்வகையில் நல்ல மாற்றமே.

‘ஈவ் டீசிங்’ என்பது மற்றொன்று. தொல்லையைச் சீண்டலாகவும், குற்றத்தைக் கேலியாகவும் சிறுமைப்படுத்தும் தொடர் அது. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் அத்தகைய ‘கேலி’யால் உயிரிழந்த பின்னரே தமிழக அரசு அதற்கெனச் சட்டம் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் பெயரே முதலில் ஈவ் டீசிங் தடை என்றுதான் இருந்தது. பெண்களுக்குத் தொல்லை தருதலைத் தடுக்கும் சட்டம் என்று பின்னரே பெயர் திருந்தியது. சட்டம் திருத்திக்கொண்ட சொல்லை நம் நாவு இன்னும் விடவில்லை.

இனிக் கதைகளுக்கு வருவோம். மறுத்த பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்து இறுதியில் மனம் இளகச் செய்பவனே நம் திரைப்படங்கள் பலவற்றில் தலைவன். பின்தொடர்தலை 2013 முதல் இந்தியச் சட்டம் குற்றமென்கிறது. திரையோ அதற்குப் பாட்டிசைத்துக் காதலென்கிறது. இதுவே தமிழ் மரபு என்பாரும் உளர். தொல்காப்பிய அகத்திணையியல் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. மறுமொழி பெறாமலே தான் பேசி இன்புறும் ஒருவனின் நிலையைக் கைக்கிளை என்று ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது அந்நூல். மடலேறியே விடுதலையும், காமம் மிக்கு வலிந்து செய்தலையும் பெருந்திணையில் தள்ளியது. உரையாசிரியர் முன்னதை ஒருதலைக் காமம் என்றனர். பின்னதைப் பொருந்தாக் காமம் என்றனர். எதிர்மொழி இல்லாத இடத்தில் அன்பின் ஐந்திணை இல்லை. நம் முன்னோர் ஓரத்தில் வைத்ததை நாம் நடுவீட்டில் வைத்தோம்.

“சொல் திருந்தினால் கயவன் திருந்துவானோ?” என்று வாசகர் வினவலாம். திருந்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் கொடுமை செய்தவன் வெளியிலிருந்து வந்தவன்; படம் பார்த்துக் கெட்டான் என்று கூற நம்மிடம் சான்றில்லை. ஆனால் கயவன் நம்பியிருப்பது தன் வலிமையை மட்டுமன்று. அவள் வெளியே சொல்லமாட்டாள் என்பதையும்தான். அந்நம்பிக்கையை அவனுக்கு அளிப்பவர்கள் சுற்றி நிற்கும் நாம்: எழுதும் காவலர், விசாரிக்கும் விடுதிக் காப்பாளர், சிரிக்கும் தோழர், பெற்றோர், ஆசிரியர்.

ஆசிரியர் என்பதில் நானும் அடக்கம். கைக்கிளைக்கு இலக்கணம் கூறுக என்று ஆண்டுதோறும் வினா எழுதி மதிப்பெண் இட்டிருக்கிறேன். அவ்விலக்கணம் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞனுக்கும் பொருந்தும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அச்செய்தி வந்த வாரத்தில் பழைய மாணவர் ஒருவர் வந்து, “உஸ்தாது, மகளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடலாமா?” என்று கேட்டார். மகனும் கல்லூரியில் படிக்கிறான். அவனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “மகளை அனுப்புங்கள், மகனை அழைத்துப் பேசுங்கள்” என்றேன்.

இத்தனை ஆண்டுகளாக என் வகுப்பில் நான் பேசாது விட்டதை அவரிடம் எவ்வாறு சொல்வது என்று தெரியாமல், அவர் சென்ற பின்னும் நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.