சைக்கிளின் கண்: பிரெஞ்சுக் கிராமம் என்னும் பிரதி

1

பயண எழுத்தில் சைக்கிளுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. காரில் போகிறவன் சுற்றுலாப் பயணி, பேருந்தில் போகிறவர்கள் மந்தை, சைக்கிளில் போகிறவன் மட்டும் ஏதோ அந்த ஊருக்குப் பாதி சொந்தக்காரன் மாதிரி. வேர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, மேட்டில் இறங்கித் தள்ளுகிறான், தண்ணீர் கேட்கிறான். ஆகவே அவன் காண்பதுதான் 'உண்மையான' கிராமம் என்று ஆகிவிடுகிறது. பிரெஞ்சு நாட்டுப்புறத்தைச் சைக்கிளில் சுற்றுவது பற்றிய புத்தகங்கள், வழிகாட்டிகள், விளம்பரங்கள் எல்லாமே இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. லுவார் ஆற்றங்கரை, தொர்தோஞ் பள்ளத்தாக்கு, பர்கண்டியின் திராட்சைத் தோட்டம், கல்வீடு, சர்ச் மணி. எல்லாம் மெதுவாக, நேருக்கு நேர், இடையில் கண்ணாடி ஜன்னல்கூட இல்லாமல்.

இந்தப் பார்வை அவ்வளவு அப்பாவித்தனமானதுதானா?

இவ்வகை எழுத்தில் உருப்படியானது என்று கிரஹாம் ராப் 2007இல் வெளியிட்ட 'பிரான்சைக் கண்டுபிடித்தல்' நூலைச் சொல்லலாம். பால்சாக், யூகோ, ரேம்போ ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர் ராப். 14,000 மைல் சைக்கிள் மிதித்து, நான்கு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய புத்தகம் இது என்று அவரே சொல்கிறார். 'பிரான்ஸ்' என்பது ரொம்பச் சமீபத்திய சமாச்சாரம் என்பது அவர் வாதம். புரட்சிக் காலத்தில் பாதிரியார் கிரெகுவார் ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பி, 1794இல் ஓர் அறிக்கை கொடுத்தார். குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சே தெரியாது, சரளமாகப் பேசத் தெரிந்தவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை என்றது அது. அறிக்கையின் நோக்கம் இதை வியப்பதல்ல. வட்டார மொழிகளை ஒழித்துக்கட்டுவது பற்றித்தான் அதன் தலைப்பே பேசுகிறது. கிராமத்துக் குடியானவர்களைப் 'பிரெஞ்சுக்காரர்' ஆக்கியவை பள்ளிக்கூடம், ராணுவம், சாலை, ரயில் என்று யூஜின் வெபர் 1976இலேயே எழுதிவிட்டார். அதே வரலாற்றை ராப் சைக்கிள் சீட்டிலிருந்து சொல்கிறார்.

சிக்கல் அந்த சீட்டில்தான் இருக்கிறது. பழங்காலப் பயணியின் வேகத்தைச் சைக்கிள் மீட்டுத்தருகிறது என்று ராப் நம்புகிறார். சரி, வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தச் சைக்கிள் எதன் மேல் ஓடுகிறது? கிராமச் சாலைகளைப் போட்டுப் பராமரிக்கும் பொறுப்பை ஊராட்சிகளின் தலையில் ஏற்றியது 1836ஆம் ஆண்டுச் சட்டம். விளைச்சல் சந்தைக்கும், பையன்கள் படைமுகாமுக்கும், ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்கும் போன வழி அது. எந்தச் சாலை அந்தப் பழைய பிரான்சைக் கரைத்ததோ அதே சாலையில் ஏறித்தான் இவர் அதைத் தேடுகிறார். கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை மறைத்தால்தான் பார்வை 'இயற்கை' ஆகிறது.

2

தமிழில் ரொலான் பார்த் என்றதும் 'ஆசிரியனின் மரணம்' என்று ஆரம்பித்துவிடுகிறோம். நமக்கு இங்கே வேண்டியவை அவரது 'தொன்மங்கள்' (1957) நூலின் இரண்டு சின்னக் கட்டுரைகள். ஒன்று 'நீல வழிகாட்டி' என்ற பயணக் கையேடு பற்றியது. மேடு பள்ளமாக இருந்தால்தான் அந்தக் கையேட்டுக்கு அது நிலக்காட்சி, சமவெளி அதன் கண்ணில் படாது. மனிதர்கள் வெறும் மாதிரி வகைகள். நாடு என்பது நினைவுச் சின்னங்களின் பட்டியல். மற்றொன்று டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஒரு காவியமாக வாசிப்பது. அங்கே வீரர்களின் பெயர்கள் காவிய நாயகர்களின் பெயர்களாகின்றன, மலை உயிர் பெறுகிறது, வாந்தூ சிகரம் பலி கேட்கும் கொடுந்தெய்வமாகிறது. நூல் வெளிவந்து பத்து வருடம் கழித்து, 1967 ஜூலை 13 அன்று, டாம் சிம்ப்சன் என்ற ஆங்கில வீரர் பந்தயத்தின் நடுவே அந்த மலையில் விழுந்து செத்துப்போனார். உடலில் ஊக்கமருந்து இருந்தது. பார்த்தின் உருவகத்துக்கு ஒரு பிணம் கிடைத்தது.

1972இல் வந்த ஆங்கிலத் தொகுப்பில் நீல வழிகாட்டி உண்டு, டூர் கட்டுரை கிடையாது. அது 1979இல் வேறொரு தொகுதியில் வந்தது. ஆங்கிலம் வழியாகப் பார்த்தைப் பிடித்தவர்களுக்கு இரண்டும் இரண்டு உலகமாகவே இருந்துவிட்டன. சேர்த்து வைத்துப் படித்தால் சைக்கிள் பயணியின் மனம் திறந்துகொள்கிறது. கையேட்டிடமிருந்து அவன் நினைவுச் சின்னத்தை வாங்கிக்கொள்கிறான், பந்தயத்திடமிருந்து மலையேறும் வீரனை வாங்கிக்கொள்கிறான். கண்ணுக்குச் சர்ச், காலுக்குக் காவியம். இரண்டுக்கும் நடுவில், அந்த ஊரில் இருக்கிறவனுக்கு எங்கே இடம்?

3

'சுற்றி வருதல்' என்ற வடிவத்துக்குச் சைக்கிளைவிட வயது அதிகம். தொழில் கற்ற கைவினைஞர்கள் ஊர் ஊராக வேலை செய்து நாட்டைச் சுற்றி வருவதற்கும் 'டூர் டி பிரான்ஸ்' என்றுதான் பெயர். அதைத் தேசத்தின் கதையாடலாக மாற்றியது ஒரு பள்ளிப் பாடநூல்: 1877இல் வந்த 'இரு குழந்தைகளின் பிரான்ஸ் சுற்றுப்பயணம்'. ஜி. புருனோ என்ற புனைபெயரில் எழுதியவர் ஒகுஸ்தீன் ஃபூயே என்ற பெண். 1870 போருக்குப் பிறகு ஜெர்மனி எடுத்துக்கொண்ட லொரேன் பகுதியின் ஃபால்ஸ்பூர் என்ற ஊரிலிருந்து இரண்டு அநாதைச் சிறுவர்கள் கிளம்புகிறார்கள். மாகாணம் மாகாணமாகப் போய் ஒவ்வொன்றின் விளைபொருளையும், தொழிலையும், பெரிய மனிதர்களையும் தெரிந்துகொள்கிறார்கள். வேறுபாடெல்லாம் அலங்காரமாகி ஒற்றைத் தாய்நாட்டின் மடியில் போய் விழுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதைப் படித்தார்கள். இழந்த மாகாணத்தின் காயத்திலிருந்துதான் இந்தச் 'சுற்று' தொடங்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் கடைசியில் இது திரும்ப வரும்.

1903இல் அதே சுற்று சைக்கிளில் ஏறியது. 'லோதோ' பத்திரிகை, விற்பனையைக் கூட்ட, 2,428 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றை 6 கட்டங்களாக நடத்தியது. புறப்பட்டவர்கள் 60 பேர், முடித்தவர்கள் 21. அந்தப் பத்திரிகை 1900இல் பிறந்ததே ட்ரேஃபஸ் வழக்கின் சண்டையில்தான். யூத ராணுவ அதிகாரி ட்ரேஃபஸ் பக்கம் நின்ற போட்டிப் பத்திரிகையோடு கோபித்துக்கொண்ட முதலாளிகள் போட்ட பணம் அது. கிராமங்களின் வழியே 'இயல்பாக' ஓடுகிற சக்கரத்தின் பின்னால் இவ்வளவு அரசியல் இருக்கிறது.

பந்தயத்தின் அதிபதி ஆன்றி தெகிரான்ழ். எதிர்முனையில் 'வேலோசியோ' என்ற பெயரில் எழுதிய போல் த விவீ. சாந்த்-எத்தியேன் ஊர்க்காரர், பட்டு வியாபாரம் பார்த்தவர், 1887இல் சைக்கிள் பத்திரிகை தொடங்கியவர். பார்த்துக்கொண்டே போகிற சைக்கிள் பயணத்துக்கு ஒரு தத்துவத்தையே உண்டாக்கியவர் அவர்தான். சண்டை கியர் பற்றியது. மேட்டில் கியர் மாற்றினால் வயதானவர், பெண், நோஞ்சான் யாரும் மலை ஏறலாம் என்றார் வேலோசியோ. தெகிரான்ழ் தன் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937வரை நுழையவே விடவில்லை. இது இரும்பு பற்றிய சண்டை போலத் தெரியும். சொல்லப்போனால் உடல் பற்றிய சண்டை, நிலம் பற்றிய சண்டை. ஒருவருக்கு மலை என்பது வீரனைச் சோதிக்கும் தடை, மற்றவருக்கு யாரும் போய்ச் சேரக்கூடிய இடம்.

வேலோசியோவின் கனவு வெகுஜனமானது 1936இல். மக்கள் முன்னணி அரசு இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. தொழிலாளர்கள் இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிள்களில் கிராமங்களை நோக்கிக் கிளம்பினார்கள். முதல் தடவையாக நிலக்காட்சியைப் பார்க்கும் உரிமை உழைப்பவனுக்குக் கிடைத்தது. நான்கே வருடத்தில் விஷி அரசு வந்தது. பெத்தேனும் அதே கிராமத்தைத்தான் தூக்கிப் பிடித்தார். மண், குடும்பம், பணிவு. ஒரே வயல், ஒரே சர்ச் கோபுரம், இரண்டு நேரெதிரான அரசியல். கிராமத்தின் 'அழகு' யாருக்கு வேண்டுமானாலும் சேவகம் செய்யும்.

4

இன்றைய பயணியின் வரைபடத்தில் 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்ற குறி இருக்கும். 1982இல் கோரேஸ் பகுதியிலுள்ள கொலோன்ழ்-லா-ரூழ் ஊரின் மேயர் சார்ல் செராக் தொடங்கிய சங்கம் அது. மக்கள்தொகை 2,000க்கு மேல் போகக்கூடாது, பாதுகாக்கப்பட்ட சின்னமோ இடமோ குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. இந்த யோசனை செராக்குக்கு எங்கிருந்து வந்தது? ரீடர்ஸ் டைஜஸ்ட் வெளியிட்ட, அதே தலைப்புள்ள ஒரு படப் புத்தகத்திலிருந்து. முதலில் புத்தகம், பிறகு கிராமம். பிரதிக்கு ஏற்ப யதார்த்தத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். பின்நவீனத்துவம் என்று நாம் மூச்சுமுட்டப் பேசியதை ஒரு மேயர் போகிற போக்கில் செய்துவிட்டார்.

செராக்கைக் கேலி செய்வது சுலபம். ஊர் செத்துக்கொண்டிருந்தது என்பதுதான் அவர் எதிரே இருந்த நிஜம். 1931 கணக்கெடுப்பில் பிரான்சின் நகர மக்கள்தொகை நாட்டுப்புறத்தை முந்திவிட்டது. போருக்குப் பின் டிராக்டர் வந்தது, கை ஆள் தேவைப்படவில்லை. இளைஞர்கள் போனார்கள், பள்ளிக்கூடம் மூடியது, ரொட்டிக்கடை மூடியது. இந்த வெறுமையைத்தான் பயணி 'அமைதி' என்று எழுதுகிறான். வண்டியே வராத சாலை என்று புல்லரிக்கிறான். அது ஏன் காலி என்று கேட்பதில்லை.

சைக்கிள் ஊருக்குள்ளேயே வேலை செய்த காலத்தைப் பார்க்க ஜாக் தாதியின் 'திருவிழா நாள்' (1949) படத்துக்குப் போகலாம். 1947இல் சாந்த்-செவேர் என்ற நிஜக் கிராமத்தில் எடுத்தது. தபால்காரன் ஃபிரான்சுவா அமெரிக்கத் தபால்துறையின் வேகம் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு, தானும் பறக்கிறான், பந்தய வீரர்களையே முந்துகிறான். கடைசியில் கடிதங்களைப் போட்டுவிட்டு வைக்கோல் அள்ளப் போய்விடுகிறான். இங்கே சைக்கிள் பார்ப்பதற்கான கருவி அல்ல. வீட்டையும் வீட்டையும் சேர்க்கிற நூல். தபால்காரனுக்கு ஊர் 'காட்சி'யாகத் தெரியாது, முகவரிகளாகத் தெரியும். பயணிக்கு முகவரி தேவையில்லை, காட்சி போதும்.

5

அப்படியானால் சைக்கிள் பயணமே பொய்யா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மெதுவாகப் போகிறவனுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. கையேடு சொல்லாத இடத்தில் நிற்கலாம். பிரான்சில் ஏறக்குறைய எந்த ஊரில் நின்றாலும் கண்ணில் படுவது 1914-18 போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல். கிட்டத்தட்ட 14 லட்சம் பேர். ஐம்பது வீடுள்ள ஊரிலும் பெயர்கள் வரிசையாக இருக்கும், ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வரும். அண்ணன் தம்பிகள். 1877 பாடநூலைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இழந்த மாகாணத்தை மீட்கப் போய் அந்தக் கல்லில் எழுத்தாகிவிட்டார்கள். ஊரை முதலில் காலி செய்தது டிராக்டர் அல்ல. 'அழகிய கிராமம்' என்ற பிரதியின் மிக முக்கியமான வரி இதுதான், எந்தக் கையேடும் இதற்கு நட்சத்திரம் போடுவதில்லை.

லிமோழ் நகருக்குப் பக்கத்தில் ஒரதூர்-சூர்-கிளான் என்றொரு ஊர். 1944 ஜூன் 10 அன்று ஜெர்மன் எஸ்.எஸ். படை ஆண்களைக் கொட்டகைகளில் சுட்டது, பெண்களையும் குழந்தைகளையும் சர்ச்சுக்குள் வைத்துக் கொன்று தீயிட்டது. இறந்தவர்கள் 642 பேர் என்று பல ஆண்டுகள் கணக்கு இருந்தது, பின்னர் 643 ஆனது. அவர்களில் சிலர் அந்த ஊர்க்காரர்களே அல்ல. சைக்கிளில் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவர்கள். இடிந்த ஊரை அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் புது ஊர் கட்டினார்கள். துருப்பிடித்த சைக்கிள்கள் அந்த இடிபாட்டில் இன்னும் கிடக்கின்றன. 'வெறுமனே கடந்து போகிறேன்' என்கிற பயணியின் சலுகை அன்றைக்குச் செல்லுபடியாகவில்லை.

கதை அங்கே முடியவில்லை. 1953இல் போர்தோ நகரில் விசாரணை நடந்தது. குற்றவாளிக் கூண்டில் அல்சாஸ் மாகாணத்துக்காரர்கள் 14 பேரும் இருந்தார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டவர்கள். அல்சாஸ் கொதித்தது. தேச ஒற்றுமை வேண்டும் என்று பாராளுமன்றம் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட அந்த 13 பேருக்கு மன்னிப்புச் சட்டம் போட்டது. ஒரதூர் மக்கள் அரசு கொடுத்த விருதைத் திருப்பி அனுப்பினார்கள். வெகுகாலம் அரசுப் பிரதிநிதிகளை அஞ்சலிக்குக்கூட அழைக்கவில்லை.

அல்சாஸ்-லொரேனின் காயத்திலிருந்து தொடங்கிய 'சுற்று' இங்கே வந்து நிற்கிறது. ஒற்றைத் தேசம் என்ற கதையாடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கிராமத்தின் நியாயத்தை விலையாகக் கொடுத்தது. இன்று லிமூசினின் நிழல் சாலைகளில் மிதித்துப் போகிறவன் காலையில் கொலோன்ழின் சிவப்புக் கற்களைப் படமெடுக்கலாம், ஓரிரு நாளில் ஒரதூரை எட்டிவிடலாம். ஒரு கிராமம் படமாவதற்காகப் பாதுகாக்கப்பட்டது, இன்னொன்று படமாகிவிடக் கூடாது என்பதற்காக. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் சைக்கிள் கண் கொடுக்கும். மற்றவனுக்கு அது ரெண்டு சக்கரத்தில் ஓடுகிற நீல வழிகாட்டி, அவ்வளவுதான்.