சிறுதேர்

வீராம்பட்டினத்துத் தேரைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிற மீனவர் ஊர் அது. அங்கே கோயில் கொண்டிருப்பவள் செங்கழுநீர் அம்மன். மீனவர் ஒருவரின் வலையில் மரக்கட்டை ஒன்று சிக்கியதாம். அடுப்புக்கு ஆகுமென்று கோடரியால் பிளக்கப் போக, கட்டையிலிருந்து ரத்தம் பீறிட்டதாம். அம்மன் வந்த விதம் இதுதான் என்பது ஊரார் சொல்லும் கதை. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையில் தேர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கம். 1954-ல் ஆட்சி மாறியது, வழக்கம் மாறவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார்.

இத்தனை பெரிய தேரை ஒரு நாலு வயதுக் குழந்தை எப்படிப் பார்க்கும்? கீழே நின்றால் கால்கள்தான் தெரியும். அப்பாவின் தோளில் ஏறினால் தலைகள் தெரியும். நடுவே ஒரு சக்கரம் உருண்டு போவதைக் கண்டால் கண்டதுதான். ஆனால் மறுநாள் பாருங்கள். தீப்பெட்டியில் நூலைக் கட்டி, 'தேர் வருது, தேர் வருது' என்று கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு திரியும். கோடையில் தின்று போட்ட நுங்குக் குடுக்கைகள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடும் பிள்ளைகளைப் பனைமரம் உள்ள ஊரிலெல்லாம் பார்க்கலாம். பெரியவர்களுக்குத் தேர் நிலைக்கு வந்ததும் திருவிழா முடிந்துவிடுகிறது. குழந்தைக்கு அப்போதுதான் ஆரம்பம்.

இந்தச் சின்ன விஷயத்தை நம் இலக்கியக்காரர்கள் எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

முதலில் கவனித்தவர்களில் ஒருவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பட்டினப்பாலையில் அவர் பாடுவதும் ஒரு கடற்கரை ஊரைத்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் ஒரு வீட்டு முற்றம். தானியம் காய்கிறது. கோழி கொத்த வருகிறது. வீட்டுப் பெண் கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிறாள். அது அவள் காதுக் குழை! விழுந்த குழை, பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழியை மறிக்கிறது. அந்த ஊருக்கு இதைவிடப் பெரிய பகை கிடையாது என்கிறார் புலவர். பொன்னை எறிந்து கோழி ஓட்டும் செல்வத்தைச் சொல்லி வியப்பது வழக்கம். எனக்கு வியப்பு வேறிடத்தில். பெரியவர்களின் பொன், குழந்தையின் கண்ணுக்குப் பொன்னே அல்ல. வழியில் கிடக்கும் ஒரு தடை, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் தரையோடு தரையாகக் குனிந்து, அந்தச் சக்கரத்தின் உயரத்திலிருந்து ஊரைப் பார்த்திருக்கிறார் மனிதர். இவரே பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்து கொடுத்த தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியிடம் பால் குடித்துத் தூங்கிப்போவதையும் சொல்கிறார். தேர் உருட்டிய களைப்பு வரை தெரிந்தவர்.

வடமொழியிலும் ஒரு சிறுதேர் உண்டு. சூத்ரகர் தம் நாடகத்துக்கு 'மிருச்சகடிகம்' என்றே பெயர் வைத்தார். மண் வண்டி என்று பொருள். சாருதத்தனின் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பையனின் பொன் வண்டியைப் பார்த்துவிட்டு, மண் வண்டி வேண்டாமென்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி மண் வண்டியை நிரப்புகிறாள். அதே நகைகள் பிறகு தகப்பனைக் கொலைக் குற்றவாளியாக்கும் சாட்சியாக வந்து நிற்கின்றன. அங்கே குழந்தை பொன்னுக்கு அழுகிறது. இங்கே பொன் குழந்தைக்கு இடைஞ்சல். இரண்டும் வாஸ்தவம். இரண்டு புலவர்களும் குழந்தையின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள்.

பின்னால் வந்த பிள்ளைத்தமிழில் சிறுதேருக்குத் தனி இடமே கிடைத்தது. பத்துப் பருவங்களில் கடைசிப் பருவம் அது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் மட்டும். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். அவள் கையில் யாரும் வடத்தைக் கொடுக்கவில்லை. குமரகுருபரரின் தமிழ் வளத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் பாட்டுடைத் தலைவர் தெய்வமாகவோ அரசராகவோ இருக்கும்போது, புலவரின் கண் சக்கரத்தை விட்டுப் புகழின் மேல் ஏறிவிடுகிறது. குழந்தை தேரை உருட்டுகிறது என்பது மறந்து, தேரில் வீற்றிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

எங்கள் காலத்துக் கதைகளோ இன்னும் மோசம். தேர்த் திருவிழா என்று எழுத ஆரம்பித்தால் குழந்தையைக் கூட்டத்தில் தொலைத்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அதைக் கண்டுபிடிக்கும் சாக்கில் கதாநாயகனும் கதாநாயகியும் சந்திக்க வேண்டும். காரணம் தெரியாமல் இல்லை. கதைக்குச் சம்பவம் வேண்டும்; தீப்பெட்டியை இழுக்கும் சந்தோஷத்தில் சம்பவம் ஏது? துயரத்தை எழுதுவது சுலபம். சந்தோஷத்தை எழுத உட்கார்ந்தால் பேனா நகராது.

நகர்த்தியவர்கள் இருக்கிறார்கள். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' என்ற தீபாவளிக் கதையைப் படியுங்கள். பணக்கார வீட்டுப் பையன் தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேசுகிறான். ஏழை வீட்டுப் பெண் மங்கம்மாளின் வீட்டுக்கும் ஒரு ராஜா வந்திருக்கிறான். மழையில் ஒதுங்கிய அநாதைப் பையன், பெயர் ராஜா. தாய் அவனைக் குளிப்பாட்டித் துணி கொடுக்கிறாள். ஆனால் அந்தத் தீபாவளியை நடத்துகிறவள் மங்கம்மாள். ஒரு பெயரை வைத்துக்கொண்டே நடத்திவிடுகிறாள். கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையில் பிள்ளைகளுக்கு வீட்டுக் கதவே பஸ். தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதிகாரிகளின் கணக்கில் அது ஒரு மரச் சாமான்.

'இரண்டுமே வறுமைக் கதைகள். இல்லாதவர்களின் சமாளிப்பை விளையாட்டு என்று கொண்டாடுவது, இருப்பவர்களின் சொகுசு' என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். நியாயமான ஆட்சேபம். ஆனால் இந்த இருவரும் வறுமையைப் புகழவில்லை. 'கதவு' கதையில் வாசலை மறைக்கக் கதவில்லாத வீட்டில் குளிர் என்ன செய்கிறது என்பதைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். குழந்தை தானே செய்துகொள்ளும் கொண்டாட்டத்தை வறுமையும் தட்டிப் பறிக்கும், பணமும் தட்டிப் பறிக்கும் என்பதே நான் இவற்றில் கண்டது.

பணம் பறிக்கும் விதத்தை நம் வீடுகளில் பார்க்கிறோம். பிறந்தநாள் என்றால் மேடை, விளக்கு, போட்டோ. நடுவில் பட்டுச் சட்டையோடு குழந்தை, உற்சவ மூர்த்தியைப் போல. நாம் வடம் பிடிக்கிறோம். அது தேரில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கோ வடம் பிடிக்கத்தான் ஆசை. காவிரிக் கரை ஊர்களில் ஆடிப்பெருக்கன்று பிள்ளைகள் கையில் சிறு சப்பரத்தைக் கொடுத்து இழுக்கச் சொன்ன நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது.

ஆகையால், குழந்தையையும் பண்டிகையையும் வைத்து ஒரு கதை உங்கள் கைக்கு வந்தால், நடை அழகையும் வர்ணனையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் குழந்தை கையால் என்ன செய்கிறது என்று முதலில் தேடுங்கள். ஒன்றுமே செய்யவில்லை என்றால், அந்த ஆசிரியர் தேரைப் பார்த்திருக்கிறார், குழந்தையைப் பார்க்கவில்லை.