ஒரே கடிகாரத்தை நம்பலாமா?

ஒளியைவிட வேகமாக நியூட்ரினோ எனும் நுண்துகள்கள் பறந்தன என்று 2011 செப்டம்பரில் ஓபரா ஆய்வுக்குழு அறிவித்தது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ சுரங்க ஆய்வகம் வரை 730 கிலோமீட்டர். ஒளி வந்திருக்க வேண்டிய நேரத்துக்குச் சுமார் 60 நானோ விநாடி முன்பே அவை வந்துவிட்டனவாம். சில மாதங்களில் காரணம் அகப்பட்டது. மேலே உள்ள ஜிபிஎஸ் ஏற்பியிலிருந்து சுரங்கத்துக்கு நேரத்தைக் கொண்டுவந்த ஒளியிழையின் இணைப்பு சரியாகப் பொருந்தவில்லை. ஒளி மங்கலாக விழ, மறுமுனை மின்சுற்று அதை உணரத் தாமதித்தது. உள்ளே கடிகாரம் பின்தங்கியது. நியூட்ரினோ முந்தியதுபோல் தோன்றியது.

அக்குழு அலட்சியமாக இருக்கவில்லை. இரு முனைகளின் ஜிபிஎஸ் நேரத்தைச் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் அளவியல் நிறுவனங்களைக் கொண்டே சரிபார்த்திருந்தார்கள். பிழை, அந்தச் சரிபார்ப்பு முடிந்த இடத்துக்கு அப்பால், கடைசித் துண்டில் இருந்தது.

ஒரு தலைமைக் கடிகாரத்தின் பின்னால் எல்லாக் கணினிகளையும் அணிவகுக்கச் செய்யும் முறையின் ஆதாரப் பலவீனம் இதுதான். தலைமை தவறினால் எல்லாம் ஒற்றுமையாகத் தவறும். கணினித் திரையில் எந்த எச்சரிக்கையும் எழாது.

ஆனாலும் இந்த முறையை ஒதுக்கிவிட முடியாது. துகள் முடுக்கியின் காந்தங்கள் உரிய கணத்தில் இயங்கியாக வேண்டும். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அந்தத் தேவைக்காகச் செர்னில் உருவான ஒயிட் ராபிட் தொழில்நுட்பம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது. பல கிலோமீட்டர் ஒளியிழையின் இரு முனைகளிலும் உள்ள கடிகாரங்களை ஒரு நானோ விநாடிக்கும் குறைவான வேறுபாட்டில் நிறுத்துகிறது. செய்தி போய்த் திரும்பும் நேரத்தை ஓயாமல் அளப்பதால், வெயிலில் இழை நீண்டாலும் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. வன்பொருள் வரைபடங்களைக்கூட யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. போக வர ஆகும் மொத்த நேரத்தைத்தான் அளக்க முடியும். போக எவ்வளவு, வர எவ்வளவு என்பது தனியே தெரியாது. இரு திசைகளுக்கும் இடையே 100 நானோ விநாடி வேறுபாடு இருந்து, அது கணக்கில் வராமல் போனால், கடிகாரம் 50 நானோ விநாடி பிசகும். ஒயிட் ராபிட் அந்த வேறுபாட்டை முன்கூட்டியே அளந்து கணக்கில் சேர்க்கிறது. அந்த முன்னளவீடு பிழையானால், வலைப்பின்னல் தானாக அதைக் கண்டுபிடிக்காது.

ஓபராவின் பிழையை உறுதிசெய்ய உதவியது வேறொரு சாட்சி. மலையை ஊடுருவி வந்த காஸ்மிக் மியூவான் துகள்கள் ஓபராவின் உணர்கருவியையும் பக்கத்திலிருந்த எல்விடி என்ற மற்றொரு உணர்கருவியையும் கடந்திருந்தன. இரண்டின் பதிவுகளையும் ஒப்பிட்டபோது, 2008 முதல் 2011 வரை ஓபராவின் கடிகாரம் விலகியிருந்தது தெரிந்தது. அந்தப் பதிவுகள் அதுவரை ஒப்பிடப்படாமலே கிடந்தன.

புதிய ஆய்வுக்கூடங்களைத் திட்டமிடுவோர், தலைமைக் கடிகாரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இத்தகைய சாட்சி ஒன்றைத் தொடக்கத்திலேயே வரைபடத்தில் சேர்க்க வேண்டும்; அதற்கான பணத்தையும் அப்போதே ஒதுக்க வேண்டும்.