பனியாற்றின் அடித்தரை

துருவப் பனிப்பாளங்களின் ஓட்டத்தைக் கணிக்க இனி இயற்பியலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, செயற்கைக்கோள் படங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் போதும் என்ற பேச்சு பரவலாகிவிட்டது. முனைவர் பட்டம் முடித்து அடுத்த ஆய்விடம் தேடும் நம் இளைஞர்களுக்கும் இதுவே அறிவுரையாகக் கிடைக்கிறது. இது தவறான அறிவுரை.

பனி பாகுபோல ஓடுகிறதா, உடைந்து ஒட்டி நகர்கிறதா என்று ஆல்ப்ஸ் பனியாறுகளை ஆராய்ந்த ஃபோர்ப்ஸும் டிண்டாலும் ஒரு காலத்தில் மோதிக்கொண்டார்கள். நம் பவானிசாகர் அணை கட்டி முடிந்த அதே 1955இல், ஆய்வகத்தில் பனிக்கட்டிகளை அழுத்திக் கண்ட விதியை ஜான் கிளென் வெளியிட்டார். அழுத்தம் இரட்டித்தால் பனி உருமாறும் வேகம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். 1957இல் வீர்ட்மன் அடித்தரையில் பனி வழுக்குவதைக் கணக்கில் சேர்த்தார். 1978இல் மேற்கு அண்டார்டிகப் பனிப்பாளம் சரியக்கூடும் என்று மெர்சர் எச்சரித்தார். 2002இல் அண்டார்டிகாவை ஒட்டிக் கடலில் மிதந்த லார்சன் பி பனித்தட்டு சில வாரங்களில் சிதறியது, அதன் பின்னிருந்த பனியாறுகள் வேகம் பிடித்தன. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கை 18 முதல் 59 செ.மீ. வரை கடல் உயரும் என்றபோது, இத்தகைய வேக மாற்றங்களைச் சேர்க்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது.

அதற்குப் பிந்திய காலம்தான் உறுத்துகிறது. உயர்ந்த பனிச்சுவர்கள் தம் எடை தாங்காமல் இடியும் என்ற ஊகத்தை உள்ளடக்கிய மாதிரிக் கணிப்பை 2016இல் டிகாண்டோவும் பொல்லார்டும் வெளியிட்டார்கள். 2100க்குள் அண்டார்டிகா மட்டுமே கடலை ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தலாம் என்ற விடை உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. மேற்கு அண்டார்டிகாவின் துவெய்ட்ஸ் பனியாற்றில் இந்த நூற்றாண்டில் அத்தகைய பனிச்சுவர்ச் சரிவு நடக்க வாய்ப்புக் குறைவு என்றது மோர்லிகம் குழுவின் 2024 ஆய்வு. இடையே 2022இல், அண்டார்டிகப் பனித்தட்டுகளுக்குக் கிளென் விதியின் எட்டு மடங்கை விடப் பதினாறு மடங்கே நெருங்கிப் பொருந்துகிறது என்று மில்ஸ்டீன் குழு காட்டியிருந்தது. அடிப்படை விதியே ஆட்டம் கண்ட இந்தச் செய்தியைப் பத்திரிகைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கணிப்பான்கள் பெரும்பாலும் பழைய மாதிரிகளின் விடைகளைப் படித்தே கற்கின்றன. விதி பிழையென்றால் அதே பிழையை விரைவாகச் சொல்லும், அவ்வளவுதான். செயற்கைக்கோள் படங்களிலோ மேற்பரப்புதான் தெரியும், அடித்தரை தெரியாது. கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடுவது பற்றிய சச்சரவைப் பார்த்த சத்தியமங்கலத்துக்காரருக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை. அதே தண்ணீர்தான், ஆனால் அடியில் மண்ணா, கான்கிரீட்டா என்பது ஓட்டத்தையே மாற்றிவிடும். பனிக்கு அடியில் இருப்பது ஈரச் சேறா, உறைந்த பாறையா என்பதும் அப்படித்தான்.

2014இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கந்தாயத், குல்கர்னி, சீனிவாசன் மூவரும் மேற்பரப்பு வேகத்தையும் சரிவையும் கிளென் விதியில் இட்டு, கங்கோத்ரிப் பனியாற்றின் மேற்பகுதி ஏறத்தாழ 540 மீட்டர் தடிமன் என்று கணித்தார்கள். அடித்தரை வழுக்கலை மேற்பரப்பு வேகத்தில் கால் பங்கு என்று எடுத்துக்கொண்டதையும் மறைக்காமல் எழுதினார்கள். அடுத்த தலைமுறை தொடங்க வேண்டிய இடம் அந்தக் கால் பங்குதான்.

கிளென் விதியையே சோதிக்கும் களமும் நம்மிடம் இருக்கிறது. அண்டார்டிகாவில் 1989 முதல் இயங்கும் இந்தியாவின் மைத்ரி நிலையத்துக்கு வடக்கே நிவ்லிசன் பனித்தட்டு. அந்தக் கரையோரப் பனிமேடுகளில் கோவாவின் தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் நார்வே துருவ நிறுவனமும் மாடைஸ் திட்டத்தில் சேர்ந்து ரேடார் ஓட்டின. இத்தகைய மேடுகளின் முகட்டுக்கு நேர் கீழே பழைய பனியடுக்குகள் மேல்நோக்கி வளைந்து நிற்கலாம். 1983இல் ரேமண்ட் கணிதத்தில் கண்டது இது. முகட்டின் அடியில் பனியை உருமாற்றும் அழுத்தம் குறைவு, அதனால் அங்கே பனி இறுகி நிற்கிறது, இரு பக்கமும் அடுக்குகள் தாழ்ந்து போகின்றன. அழுத்தமும் வேகமும் நேர்விகிதத்தில் இருந்தால் இந்த வளைவே தோன்றாது. ஆகவே எட்டா பதினாறா என்ற கேள்வியை இங்கேயே, இயற்கையிலேயே சோதிக்கலாம்.

இதை இரண்டாண்டு நல்கையில் முடிக்க முடியாது. அண்டார்டிகக் கோடையில் சில மாதங்களே களத்தில் நிற்க முடியும், அளந்ததை மாதிரியாக்க அதைவிடப் பல மடங்கு காலம் வேண்டும். புவி அறிவியல் அமைச்சகம் பனியோட்ட இயக்கவியலுக்கென்றே ஐந்தாண்டு ஆய்வு நல்கைகளை அறிவிக்க வேண்டும். கொங்கு நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பாய்ம இயக்கவியல் படித்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.